பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு எதைக் காப்பாற்றினீர்கள்?

பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் ஒன்றை எங்கள் மலையில் வாங்கி, ஒரு தம்பி அதைப் புதுப்பித்துக் காட்டும் அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாட்களாக அதை எனக்கு அனுப்பாத நண்பர்களே இல்லை, "உங்கள் ஏரியா வண்டி, பார்த்தீர்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆகவே யார் எடுத்தது, எந்த ஊர் என்பதையெல்லாம் நான் மறுபடி சொல்லப்போவதில்லை. எல்லோரும் கைதட்டிய ஓர் இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மெரூன் நிற ஜாவாவின் பின் மட்கார்டில் வெள்ளை பெயின்டால் கையெழுத்தாக எழுதப்பட்டிருந்த ஒரு பெயரையும், அதன் கீழே இருந்த எஸ்டேட் டிவிஷன் எண்ணையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, "இப்பத்தான் வண்டி சுத்தமாச்சு" என்று அந்தத் தம்பி சிரித்தாரே, அந்த இடம்.

அது அழுக்கு அல்ல. அந்தப் பெயர் ஏன் அங்கே இருந்தது என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஜாவாவின் சாவி ஹெட்லைட்டின் மேல் குத்தும் சிறு ஊசி போன்றது. ஒரு வண்டியின் சாவி பெரும்பாலும் அடுத்த வண்டிக்கும் சேரும். எஸ்டேட்டில் சம்பள நாளன்று பேக்டரி வாசலில் ஒரே நிறத்தில், ஒரே உருவத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். இருட்டிலும் மூடுபனியிலும் யாருடைய வண்டியை யார் எடுத்துப்போகிறார்கள் என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே நீலகிரியின் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்து எஸ்டேட் ஆட்கள் மட்கார்டில் பெயர் எழுதிவைத்தார்கள். அந்தப் பெயர் அந்த வண்டி இந்த மலையில்தான் ஓடியது என்பதற்கான சான்று. மைசூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த எத்தனையோ ஜாவாக்களிலிருந்து இந்த ஒரு ஜாவாவைப் பிரித்துக் காட்டியது அது ஒன்றுதான். அதைத் தேய்த்த பிறகு கையில் மிஞ்சியது எங்கேயும் கிடைக்கக்கூடிய ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான், இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்: பழைய வண்டியை வாங்குபவர் இரும்பை மட்டும் வாங்கவில்லை, அதை ஓட்டியவரின் காலத்தையும் சேர்த்தே வாங்குகிறார். இரும்பைப் பளபளப்பாக்கிவிட்டு அந்தக் காலத்தைத் துடைத்துப் போட்டால், அது வண்டியைக் காப்பாற்றியது ஆகாது.

ஜாவா நம் மலைக்கு வந்த வரலாறு பலருக்கு மறந்துவிட்டது. ருஸ்தம் இரானியும் பரூக் இரானியும் மைசூரில் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் உற்பத்தியைத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு வடிவமைப்பில், 250 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினும், ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் இரண்டு சைலன்சர்களும், கிக்கரே கியர் லீவராக மடங்கும் அமைப்பும் கொண்ட வண்டி அது. எழுபதுகளில் அதுவே யெஸ்டி என்று பெயர் மாறியது; 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. கூடலூர்க்காரருக்கு மைசூர் தூரத்து ஊர் அல்ல. முதுமலையையும் பந்திப்பூரையும் தாண்டினால் வந்துவிடும். கிளட்ச் பிளேட்டோ பிஸ்டன் ரிங்கோ வேண்டுமென்றால் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடுவார்கள். சென்னையில் எந்த வண்டி புகழ்பெற்றிருந்தாலும், எங்கள் பக்கத்தில் ஜாவா நிலைத்ததற்கு இதுவே காரணம்.

அதை இந்த மலையில் ஓட்டுவதும் எளிய வேலை அல்ல. கூடலூரில் ஒழுங்காக ஓடும் வண்டி நடுவட்டம் ஏறி பைக்காராவைத் தாண்டும்போது தடுமாறத் தொடங்கும். ஊட்டி இரண்டாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று மெல்லியது, அதனால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் சேர்ந்து பிளக் கறுத்துவிடும். தெரிந்தவர்கள் சட்டைப்பையில் ஒரு பிளக்கையும், பெட்ரோல் வரத்தைக் குறைக்கும் ஒரு சிறு ஜெட்டையும் வைத்திருப்பார்கள். இறங்கும்போது வேறு ஆபத்து. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே இன்ஜினுக்குள் போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிவிட்டால் பெட்ரோலும் போகாது, ஆயிலும் போகாது. சக்கரமோ இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் காய்ந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கல்லட்டி இறக்கத்தின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளிலும் என் அப்பா இடைவிடாமல் ஆக்சிலேட்டரைச் சற்றே முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டே இறங்குவார். பின்னால் உட்கார்ந்திருந்த சிறுவனான எனக்கு அந்த விட்டுவிட்டு வரும் ஓசை, வண்டி மூச்சுவிடுவது போலக் கேட்கும். கீழே மாவனல்லா வந்ததும் வண்டியை நிறுத்தி, முன் பிரேக் டிரம்மின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, அது சுர்ரென்று ஆவியாகிறதா என்று பார்ப்பார். ஆவியானால் அடுத்த பதினைந்து நிமிடங்களுக்கு வண்டி நகராது.

அந்தக் காணொளியில் அழிக்கப்பட்ட பெயருக்கு உரியவரும் இப்படி இறங்கியவர்தான். எனக்கு அவரைத் தெரியும். அப்பாவோடு ஒரே எஸ்டேட்டில் கண்டக்டராக, அதாவது தோட்ட வேலையை மேற்பார்ப்பவராக, இருந்தவர். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் வேரூன்றிய குடும்பம். கப்பலில் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இந்த நாட்டில் அவர் தம் பெயரில் முதன்முதலாக வாங்கிய பொருள் அந்த வண்டி. வீட்டுமனை பிறகு வந்தது, ரேஷன் கார்டுகூடப் பிறகுதான் வந்தது. ஆகவே அந்த மட்கார்டில் இருந்த பெயர் வெறும் அடையாளத்துக்காக எழுதப்பட்டது மட்டுமல்ல என்று நான் நினைக்கிறேன். அதைச் சிரித்துக்கொண்டே தேய்ப்பதைப் பார்த்தபோது எனக்கு வலித்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

இனி எனக்கு வரப்போகும் மறுப்புகள் எல்லாம் எனக்குத் தெரியும். சில ஏற்கெனவே உள்பெட்டிக்கு வந்துவிட்டன.

"அவர் காசு கொடுத்து வாங்கினார், அவர் வண்டி, என்ன வேண்டுமானாலும் செய்வார்" என்கிறார்கள். சட்டப்படி உண்மைதான். நான் அவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வரவில்லை. ஆனால் அவரே அந்தக் காணொளிக்கு "வரலாற்றை மீட்டோம்" என்று தலைப்பு வைத்திருக்கிறார். என் வண்டி, எனக்குப் பிடித்த நிறம் என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன். வரலாற்றின் பெயரால் பாராட்டு வாங்கிக்கொண்டவரிடம்தான் அந்த வரலாறு எங்கே என்று கேட்கிறேன்.

"அவர் வாங்காவிட்டால் காயலான் கடைக்குப் போயிருக்கும்" என்பது அடுத்தது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். தமிழ்நாட்டில் மழை மிகுதியாகப் பெய்யும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. அங்கே ஒரு மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டி இன்னும் சில மழைக்காலங்களைத் தாங்கியிருக்காது. சேஸிஸை மணல் வீசிச் சுத்தம் செய்ததும், சிலிண்டரை ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட்டதும், கிராங்கின் ஆயில் சீலை மாற்றியதும், சக்கரங்களுக்குப் புது ஸ்போக்ஸ் கட்டியதும் நல்ல வேலை. அந்தப் பட்டறைக்காரரின் கை நல்ல கை. டேங்கின் தங்கக் கோட்டை ஸ்டிக்கர் ஒட்டாமல் தூரிகையாலேயே இழுத்திருக்கிறார், அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உயிரைக் காப்பாற்றியவர் என்பதற்காக, காப்பாற்றப்பட்டவரின் பெயரை மாற்றும் உரிமை யாருக்கும் வந்துவிடுவதில்லை.

"தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும், அதுதான் விதி" என்று ஒரு நண்பர் 2021-இல் வந்த மத்திய அரசின் விதிகளை எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த விதிகளை நானும் படித்திருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு, எண்ணில் 'விஏ' என்ற குறி, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி, கண்காட்சிக்கும் பேரணிக்கும் தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை எல்லாம் அதில் உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது என்றுதான் அது சொல்கிறது. மட்கார்டில் ஒருவர் எழுதிய பெயரை அழி என்று அதில் எங்கும் இல்லை. அதே வண்டிக்கு அலாய் வீல் போடலாமா என்று காணொளியின் கடைசியில் வாக்கெடுப்பு வைத்தாரே, அது அந்த விதியின் கண்ணில் படாதா?

"உனக்குப் பொறாமை" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு யெஸ்டி இருக்கிறது, எனக்கு அது போதும்.

அந்த யெஸ்டியைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். குன்னூரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் வாங்கியது. விலை பேசி முடித்த பிறகும் அவர் சாவியைத் தரவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கறுத்துப்போன கித்தான் துணியில் சுருட்டிய ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு டேங்கின் வலப்பக்கம் இருந்த ஒரு ஒடுக்கின் மேல் கட்டைவிரலை வைத்து, "இதை மட்டும் டிங்கரிங் பண்ணி எடுத்துடாதீங்க சார்" என்றார். பர்லியாறு பக்கத்தில் அவருடைய தம்பி வண்டியோடு விழுந்தபோது பட்ட ஒடுக்கு அது. தம்பிக்கு அன்று எதுவும் ஆகவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறு நோயில் இறந்தார். அந்த ஒடுக்கு இன்றும் இருக்கிறது. புது பெயின்ட் அடித்தபோது, அந்த இடத்தில் பட்டி போடாமல் அப்படியே அடிக்கச் சொன்னேன். பெயின்டர் தலையில் அடித்துக்கொண்டார். வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கும் ஒரு நிகழ்ச்சியில் அதற்காக மதிப்பெண்ணும் குறைத்தார்கள். குறைத்துக்கொள்ளட்டும். அந்த ஒடுக்கைக் காட்டித்தான் அந்தத் தம்பியின் கதையை நான் என் மகளுக்குச் சொன்னேன். வழவழப்பான டேங்கைக் காட்டி நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

என் அப்பாவின் வண்டி எங்கே என்று எனக்குத் தெரியாது. ஹீரோ ஹோண்டா வந்து, ஒரு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று எல்லோரும் பேசத் தொடங்கிய காலத்தில், அக்காவின் கல்யாணச் செலவுக்காக அதை விற்றோம். மட்கார்டில் அப்பாவின் பெயரும் இருந்தது. வாங்கியவர் யாரோ, எந்தப் பட்டறையில் யார் அதைத் தேய்த்தாரோ தெரியாது. இன்று நாடெங்கும் ஜாவா தினம் என்று ஜூலையில் கூடுகிறார்கள், படங்களைப் பார்க்கிறேன். மெரூன் வண்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். எல்லா மட்கார்டுகளும் கண்ணாடிபோல இருக்கும். அதில் ஒன்று அப்பாவுடையதாக இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. பெயரை விட்டுவையுங்கள் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. காணொளியில் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, "இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கு, அதுதான் கெத்து" என்கிறார். பெயர் இருக்கவேண்டிய மட்கார்டில் அதை அழித்தார். மாற்றவேண்டிய புத்தகத்தில் அப்படியே வைத்திருக்கிறார். வாங்கியவர் முப்பது நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசின் பெயருக்கு படிவம் 31 மூலம் மாற்றி, அதன் பிறகே விற்க முடியும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே உரிமையாளராகச் சட்டம் கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டியை அவர் தொட்டபெட்டா சாலையில் ஓட்டிக் காட்டுகிறார். நாளை ஏதாவது ஒன்று நடந்தால், நோட்டீஸ் எங்கே போகும்? வண்டியை அவருக்கு விற்ற, தேவாலாவில் தனியாக இருக்கும் பழைய உரிமையாளர் குடும்பத்து அம்மாவின் வீட்டுக்குத்தானே போகும்?

"அவங்க கேட்ட விலையைக் கொடுத்தேன்" என்று அவர் சொல்வதை நம்புகிறேன். அந்த அம்மாவுக்கு விலை தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்; "ஒரு மொபைல் போன் விலைகூட இல்லை" என்று அவரே மகிழ்ச்சியாகச் சொல்கிறார். விலை குறைவாகக் கிடைத்ததை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்: இந்த வண்டியில் இவர் எங்கெல்லாம் போனார், யாரையெல்லாம் ஏற்றிப்போனார் என்று. பிரசவ வலி வந்த பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து, பின்னால் இன்னொரு பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி அது. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அரை மணி நேரக் காணொளியில் அந்த அம்மாவின் முகம் ஒருமுறைகூட வரவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்தத் தம்பி ஒருநாள் தேவாலாவுக்குப் போய், அந்த அம்மாவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தம் செலவில் அழைத்துச் சென்று, படிவங்களை முறையாகக் கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். மட்கார்டில் அந்தப் பெயரையும் டிவிஷன் எண்ணையும் பழையபடி எழுதவேண்டும். காணொளியை நிறுத்திப் பார்த்தால் எழுத்தின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. கையால் போர்டு எழுதுபவர் கூடலூரில் இன்னும் இருக்கிறார், அவருடைய கூலியை நான் கொடுத்துவிடுகிறேன். இதையே அவருக்குத் தனிச் செய்தியாகவும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார், இதுவரை பதில் இல்லை.