உங்க 60 ஃப்ரேம் எனக்கு வேண்டாம்

யூடியூபில் ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய அனிமேஷன் தொடர்களின் சண்டைக் காட்சிகளை எடுத்து, மென்பொருளில் போட்டு, நொடிக்கு 60 ஃப்ரேமாக, அதாவது நொடிக்கு 60 தனித்தனிப் படங்களாக மாற்றி, 'மேம்படுத்தப்பட்டது' என்று தலைப்பு வைத்து ஏற்றுவதே அவர்களுக்கு வேலை. கீழே போய்ப் பார்த்தால் 'ஒரிஜினலே இப்படி இருந்திருக்கணும்' என்று பாராட்டு மழை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். அனிமேஷனில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுசாக ஒரு படம் வரைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும், மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தினால் 8. டிவி வந்த பிறகு இந்தச் சிக்கனம் தவிர்க்க முடியாததாகிவிட்டது. திரையரங்குக்காக டாம் அண்ட் ஜெர்ரியை இழைத்து இழைத்துச் செய்த ஹன்னாவும் பார்பெராவும், டிவிக்கு வந்ததும் வாய் மட்டும் அசைகிற, பின்னணி திரும்பத் திரும்ப ஓடுகிற தொடர்களைத்தான் எடுத்தார்கள். 1960-ல் வந்த ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் அப்படித்தான். ஜப்பானில் 1963-ல் ஆஸ்ட்ரோ பாயை ஆரம்பித்த ஒசாமு தெசுகாவும் வரைந்த படங்களைச் சேமித்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தினார். இதில் கலை நோக்கம் எதுவும் இல்லை. காசும் இல்லை, நேரமும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பஞ்சத்தில் வளர்ந்தவர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். எதை அசைப்பது என்பதைவிட எதை அசைக்காமல் விடுவது என்பதுதான் கஷ்டமான முடிவு. பழைய சினிமாக்காரர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். 1942-ல் வந்த கேட் பீப்பிள் சின்ன பட்ஜெட் படம். அதன் நீச்சல் குளக் காட்சியில் ஒரு பெண் தண்ணீருக்குள் தனியாக மாட்டிக்கொள்கிறாள். சுவரில் தண்ணீரின் வெளிச்சம் அலைகிறது, ஒரு நிழல் போகிறது, ஓர் உறுமல் கேட்கிறது. இயக்குநர் ஜாக் டூர்னர் அதற்கு மேல் எதையும் காட்டவில்லை. இன்றைக்கு ஒரு படத்தில் 200 கிராஃபிக்ஸ் மிருகங்கள் ஓடினாலும் அந்தப் பயம் வருவதில்லை.

1992-ல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணிகளை வழக்கம்போல வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டுதான் அடிப்படை, வெளிச்சம் எங்கே விழ வேண்டுமோ அங்கே மட்டும் வண்ணம். 1940-களின் கறுப்பு வெள்ளை குற்றப்படங்களைப் பார்த்தவர்களுக்குப் பேட்மேனின் அந்த ஊர் உடனே பிடிபட்டுவிடும். (ஜோக்கரின் சிரிப்புக்கே மூலம் 1928-ல் வந்த ஒரு மௌனப்படத்தில் கான்ராட் வைட் போட்ட வேஷம்தான். பழைய சினிமா இல்லாமல் இந்தத் தொடரின் வில்லன்கூட இல்லை.) மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லன் வருகிற 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடில் அவன் முகத்திலும் குரலிலும் உணர்ச்சியே கிடையாது. அதனால்தான் அவன் மனைவியைப் பற்றிப் பேசும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த முகத்தைக் கூடுதலாக நாலு தடவை அசைத்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

எவாஞ்சலியன் (1995) என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடரின், அதாவது அனிமேயின், 22-ஆம் எபிசோடில் ஒரு லிஃப்ட் காட்சி உண்டு. ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பெண்கள் உள்ளே நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை, அசைவும் ஏறக்குறைய இல்லை, லிஃப்ட் சத்தம் மட்டும். பணம் தீர்ந்துபோனதால் அப்படி எடுத்தார்கள் என்று சிலர் நக்கலடிப்பார்கள். இருக்கட்டுமே! பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுகிறதா இல்லையா? ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் டோக்கியோ ஸ்டோரி படத்தில் (1953) கேமரா ஏறக்குறைய நகர்வதே இல்லை, ஆளில்லாத வெறும் இடங்களைக் காட்டிவிட்டுப் போகிறது. அதைக் கொண்டாடுகிறவர்களே அனிமேயில் ஒரு படம் நின்றால் சோம்பேறித்தனம் என்கிறார்கள். இந்த நியாயம் எனக்குப் புரிவதே இல்லை.

சாமுராய் ஜாக் என்கிற அனிமேஷன் தொடரும் இந்த வம்சம்தான். உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு கிடையாது, வசனம் இல்லாமல் நிமிடக் கணக்கில் போகும், பழைய இயக்குநர்கள் குரோசாவாவும் லியோனேயும் பல எபிசோடுகளில் எட்டிப் பார்ப்பார்கள். ஜாக் ஒரு நிஞ்ஜாவோடு மோதும் எபிசோடில் ஒருவன் வெளிச்சத்தில் மறைவான், இன்னொருவன் நிழலில் மறைவான். திரையே வெறும் கறுப்பும் வெள்ளையும் ஆகிவிடும். நீண்ட நேரம் அசையாமல் நிற்பார்கள், பிறகு ஒரே வெட்டு. இதை 60 ஃப்ரேம் ஆக்கினால் என்ன ஆகும் தெரியுமா? வாள் ஓங்கிய படத்துக்கும் இறங்கிய படத்துக்கும் நடுவில் இல்லாத படங்களை மென்பொருளே கற்பனை பண்ணி நிரப்பும். விளிம்புகள் குழம்பும், வாள் மிதந்து இறங்கும். வெட்டே விழாது. எங்கே நிறுத்தி எங்கே அடிக்க வேண்டும் என்று அனிமேட்டர் எடுத்த முடிவைத்தான் இவர்கள் 'சரி' செய்கிறார்கள்.

அதே முடிவைக் கதையாகவே மாற்றியவர்களும் உண்டு. 2018-ல் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படத்தில், இன்னும் பழகாத புது ஸ்பைடர்மேன் மைல்ஸ் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படமாக அசைவான், கூடவே வலையில் ஊஞ்சலாடிப் போகிற அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டர் ஃப்ரேமுக்கு ஒரு படமாக. மைல்ஸ் தேறத் தேற அவன் அசைவும் மாறும். அதையும் ஒரே சீராக்கிவிட்டால் மிச்சம் என்ன?

சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடர், ஆர்சன் வெல்ஸின் பழைய படமான சிட்டிசன் கேனைக் கிண்டல் செய்த எபிசோடைப் பலர் சிலாகிப்பார்கள். நல்ல எபிசோடுதான், ஆனால் ஷாட்டை அப்படியே திருப்பி எடுப்பதைப் பெரிய சாதனையாக நான் நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் பழைய சினிமாவின் வாரிசு 'கேப் ஃபியர்' எபிசோடு. சைட்ஷோ பாப் என்கிற வில்லன் தரையில் கிடக்கும், நீளக் கட்டை போட்ட குப்பை வாரியை மிதிக்கிறான், கட்டை முகத்தில் அடிக்கிறது. மறுபடி மிதிக்கிறான். மறுபடி. எபிசோடின் நீளம் போதவில்லை என்று இழுத்த காட்சி அது! மௌனப்பட நகைச்சுவைக்காரர்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்கள்.

அதே சிம்ப்சன்ஸ் 2019-ல் டிஸ்னி பிளஸுக்கு வந்தபோது பழைய சதுரப் படத்தை அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டினார்கள். டஃப் பீர் ஆலையில் மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்துதான் வருகிறது என்பது ஜோக். வெட்டியதில் குழாயே போய்விட்டது. ரசிகர்கள் சத்தம் போட்டபிறகு, 2020-ல் பழைய வடிவத்தையும் கொடுத்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயம் பூசியவர்களும் இதே ஜாதி. 1980-களில் டிவி அதிபர் டெட் டர்னரின் நிறுவனம் அந்த வேலையில் இறங்கியபோது, தன் மால்டீஸ் ஃபால்கன் படத்துக்கு வண்ணம் அடிப்பதை எதிர்த்து இயக்குநர் ஜான் ஹியூஸ்டன் வெளிப்படையாகவே போராடினார். சிட்டிசன் கேனையும் 1989-ல் தொடப் பார்த்தார்கள். ஆர்சன் வெல்ஸின் பழைய ஒப்பந்தத்தில் படத்தின் மீதான உரிமை அவ்வளவு கெட்டியாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். மனுஷன் இறந்து நாலு வருஷம் கழித்தும் ஒரு காகிதம் அவர் படத்தைக் காப்பாற்றியது. அனிமேட்டர்களுக்கு அப்படி ஒரு காகிதம் யார் கொடுத்தார்கள்?

பழைய நெகட்டிவைச் சுத்தம் செய்து, கீறலை எடுத்து, 4கே-யில் வெளியிடுவதை நான் எதிர்க்கவில்லை. அது தூசி தட்டுகிற வேலை. அதிலும் கை மீறிப்போய், கீறல் என்று நினைத்து வரைந்த கோட்டையே மென்பொருள் அழித்த கதைகள் உண்டு, அது தனிப் பதிவுக்கான விஷயம்.

அப்புறம், யூடியூபை மட்டும் திட்டிப் பயனில்லை. புது டிவிகளில் பெரும்பாலும் இதே மென்பொருள் உள்ளேயே இருக்கிறது, பல டிவிகளில் வாங்கும்போதே ஆன் செய்தும் வைத்திருக்கிறார்கள். டாம் குரூஸே 2018-ல் ஒரு வீடியோ போட்டு அதை அணைக்கச் சொன்னார். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், பிக்சர் செட்டிங்ஸில் 'மோஷன்' என்று எது தெரிந்தாலும் போய் அணைத்துவிடுங்கள். அணைத்துவிட்டு அந்த லிஃப்ட் காட்சியைப் போடுங்கள். டிவி ஹேங் ஆகிவிட்டது என்று ரிமோட்டைத் தட்டாதீர்கள்.