தலைவர் இல்லை என்றால் கிராம சபையும் இல்லையா?

கடலூரை ஒட்டிய ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தலைவர் பதவிக்காலம் முடிஞ்சிடுச்சு, இனி தேர்தல் வரைக்கும் கிராம சபை கிடையாது.”

முதல் பாதி சரி. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. இரண்டாம் பாதிதான் தவறு. கிராம சபை என்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் சேர்ந்த அமைப்பல்ல. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. அதற்குப் பதவிக்காலம் ஏது?

தனி அலுவலர்கள் வந்த அதே மாதம், ஜனவரி 26 அன்றும் கிராம சபை நடந்தது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவையும் வழக்கமான நாட்கள்தான். அப்புறம், வீட்டு வரி ரசீது கொண்டுவந்தால்தான் பேசலாம் என்று யாராவது சொன்னால், அதுவும் கதைதான்.