நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சிரித்த 43 பேருக்கு

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். "விடுங்க, ஒரு கமெண்டுதானே" என்றாள் மனைவி. விட்டேன். விட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

போன ஞாயிறு நான் போட்ட போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் நம்பர் கே.ஏ. 51 ஆக இருந்த கார் திருநெல்வேலி நம்பர் டி.என். 72 ஆகிவிட்டது என்று ஒரு படம், ஒரு வரி. அவ்வளவுதான். அதற்குக் கீழே வந்ததையும் பார்த்திருப்பீர்கள். "கடைசியில நம்பர் பிளேட்டும் சரண்டரா? பெங்களூர்ல தாக்குப்பிடிக்க முடியலன்னு ஒத்துக்கிட்டா சரி." அதற்கு 43 பேர் சிரித்திருக்கிறீர்கள். எண்ணினேன். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன். அதில் ஒருவர் என் சொந்தச் சித்தப்பா. அவருக்கு எந்தப் படத்தை அமுக்கினால் என்ன அர்த்தம் என்று தெரியாது, போன மாதம் ஒரு இரங்கல் பதிவுக்கும் சிரித்து வைத்தார். அவரைக் கழித்துவிடுகிறேன். 42.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திரும்பி வந்தேன். என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

2008இல் பெங்களூர் போனேன், 2022இல் பாளையங்கோட்டைக்கு வந்தேன். வரும்போது வேலை கையில் இருந்தது. வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஆபீசுக்கு வா என்றார்கள், மாட்டேன் என்றேன். இப்போது பார்க்கும் வேலையில் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதை நான் ஒளிக்கவில்லை. ஏற்கெனவே இங்கே எழுதியும் இருக்கிறேன். அப்போது "சூப்பர் ப்ரோ, தைரியமான முடிவு" என்று எழுதிய ஆட்களில் ஆறு பேர் இந்த 42 பேரில் இருக்கிறார்கள் என்பதையும் கவனித்தேன்.

சரி, கணக்கே போடுவோம். எல்லாருக்கும் கணக்குத்தானே பிடிக்கிறது.

அங்கே வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ். காலி பண்ணும்போது பெயின்டுக்கு ஒரு மாதம் பிடித்துக்கொள்வார்கள். இங்கே அப்பா கட்டிய வீடு, மாடியில் நாங்கள். அங்கே ஆபீசுக்கு 14 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இங்கே 14 கிலோமீட்டர் போனால் ஊரே முடிந்து வாழைத் தோட்டம் வந்துவிடும். பழைய அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை (வந்தால் அதற்கும் "தாக்குப்பிடிக்க முடியல" என்பீர்கள்). 2024 மார்ச்சில் அங்கே போர்வெல் எல்லாம் வற்றியபோது அந்தக் குரூப்பைப் படிக்க வேண்டுமே. டேங்கர் எப்போது வரும், யார் வீட்டில் ரெண்டு தடவை வாஷிங் மெஷின் ஓடியது என்று சண்டை. காரைக் கழுவியவர் பெயரைப் போட்டோவோடு போட்டார்கள்.

உடனே ஒருத்தர் வருவார்: "அப்ப உங்க ஊர் மட்டும் ஒழுங்கா? 2023 டிசம்பர்ல மிதந்தீங்களே?"

மிதந்தோம். டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. பிரிட்ஜில் இருந்த மாவு பொங்கி வழிந்தது. அந்த ரெண்டு நாளில் "ஏன்டா வந்தோம்" என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதே ராத்திரிதான் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டி நின்றது. சுற்றிலும் வெள்ளம். மேலப்புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அந்த ஜனத்துக்குப் போட்டார்கள். பேப்பரில் வந்தது, எல்லாரும் பகிர்ந்தீர்கள், கண்ணீர் விட்டீர்கள். பெங்களூரிலும்தான் 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு ஏரியானது, டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். அதை யாரும் "பெங்களூர்க்காரனுக்குத் தாக்குப்பிடிக்க முடியல" என்று சொல்லவில்லை. "ஸ்பிரிட் ஆஃப் பெங்களூர்" என்றீர்கள். அங்கே நனைந்தால் ஸ்பிரிட், இங்கே நனைந்தால் புத்திகெட்டவன்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கொஞ்சம் நிதானிக்கிறேன்.

சொந்த ஊரில் இருப்பதில் தொல்லையே இல்லையா? நிறைய இருக்கிறது. முதலில் மொய். பெங்களூரில் இருந்தவரை "டிக்கெட் கன்ஃபர்ம் ஆகலை மாமா" என்ற ஒற்றை வரியில் பதினாலு வருஷம் ஓட்டினேன். இப்போது அது செல்லாது. ஆவணியில் மட்டும் ஒன்பது கல்யாணம், ரெண்டு சடங்கு, ஒரு பால்காய்ச்சு. போகாவிட்டால் "கார்ல சுத்துதான், கல்யாணத்துக்கு வரமுடியலயாம்." அப்புறம் கண்காணிப்பு. நான் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன் என்பது எதிர்வீட்டு ஆச்சிக்கு என்னைவிடத் துல்லியமாகத் தெரியும்.

வேலை. தூத்துக்குடியில் 2024 கடைசியில் டைடல் நியோ ஐ.டி. பார்க் திறந்தார்கள், 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை வந்தது. நல்ல விஷயம். இருந்தாலும் என் அனுபவத்துக்கு இந்தப் பக்கம் என்ன வேலை இருக்கிறது என்று தேடினால் போனில் ரெண்டு தடவை தள்ளுவதற்குள் பட்டியல் முடிந்துவிடும். "எல்லாரும் ஊருக்கே வந்துட்டா சோறு யார் போடுவா" என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். நான் எல்லாரையும் வரச் சொல்லவே இல்லையே. நான் வந்தேன் என்றுதானே போட்டோ போட்டேன்?

மனைவிக்கு அங்கே பதினோரு பேரை மேய்க்கும் வேலை. இங்கே அதை விட்டுவிட்டு ராத்திரி எட்டு மணி ஷிப்டில் யாரோ ஒரு அமெரிக்கக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறாள். "ராத்திரி ரூம்ல லைட் எரியுதே, என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். "கணக்கு" என்கிறாள். "ஓ, வீட்டுக் கணக்கா" என்கிறார்கள். இந்தத் திரும்பி வந்ததில் நான் விட்டதைவிட அவள் விட்டது அதிகம். இதை நான் முழுசாக எழுதினால் இந்தப் பதிவு என் பக்கம் நிற்காது. அதனால் இத்தோடு விடுகிறேன்.

மகள் ஐந்தாம் வகுப்புக்கு இங்கே வந்தபோது அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கன்னடம் வாசிப்பாள், இந்தி வாசிப்பாள். 2006ஆம் வருஷத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தே ஆக வேண்டும். முதல் பரீட்சையில் நூற்றுக்கு ஒன்பது. அழுதாள். நானும்தான், அவளுக்குத் தெரியாமல். ஏழெட்டு மாதம் கழித்து முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து சத்தம்: "கண்... ணீர்... அஞ்... சலி." சுவரில் ஒட்டிய போஸ்டர். அவள் தானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ் அதுதான். யாரோ ஒரு புண்ணியவான் செத்து என் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இதை எந்தக் கணக்கில், வரவில் வைக்கவா, செலவில் வைக்கவா? எனக்குத் தெரியவில்லை.

என்னால் பதில் சொல்ல முடியாத ஒரே ஆள் என் கல்லூரி நண்பன் ஒருவன். சிரித்த 42 பேரில் அவன் இல்லை. போன் பண்ணினான். அவன் ஊர் இங்கிருந்து 30 கிலோமீட்டர். இன்னும் பெங்களூரில்தான் இருக்கிறான், இருப்பான். "உனக்கு ஊருன்னா ஊரு. எனக்கு ஊருன்னா தெரு" என்றான். "பெங்களூர்ல வீடு பார்க்கப் போனா வெஜ்ஜா நான்-வெஜ்ஜான்னுதான் கேட்டான். அதுவும் திமிர்தான், ஆனா தாங்கிக்கலாம். ஊர்ல எந்தத் தெருன்னு கேப்பான்." நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனை, அவன் வீட்டுக்குள் புகுந்து, கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. மாணவர்களுக்குள் சாதி மோதலைத் தடுக்க நீதிபதி சந்துரு குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. 2025 ஜூலையில் இதே பாளையங்கோட்டையில், சென்னையில் ஐ.டி. வேலை பார்த்த பையன் ஊருக்கு வந்த இடத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டான். சாதி தாண்டிய காதல் என்றார்கள். என் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். "அவனும் ஊருக்குத் திரும்பி வந்தவன்தாம்ல" என்றான் நண்பன். நான் எடுத்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இந்த ஊர் திறந்த கதவோடு இருப்பதற்கு என் தைரியம் காரணமில்லை. நான் பிறந்த தெருவும் ஒரு காரணம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் கமெண்ட் போட்டது அவன் இல்லை. போட்டது யார் என்பதுதான் விஷயம்.

அதற்கு முன்னால் இன்னொரு கூட்டத்துக்குப் பதில்: "பதினாலு வருஷம் சோறு போட்ட ஊரைக் குறை சொல்லலாமா?" ஐயா, நான் எங்கே குறை சொன்னேன்? நம்பர் பிளேட்டை மாற்றினேன். வேறு மாநில வண்டியை ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். எனக்கே தாமதம்தான். வண்ணார்பேட்டையில் நிறுத்தும்போதெல்லாம் "பெங்களூரா சார், டூர் வந்தீங்களா?" என்று கேட்பார்கள். பிறந்த ஊரில் டூர்.

அந்த ஊர் எனக்குச் சோறு மட்டும் போடவில்லை. 2016 செப்டம்பர் 12 உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? காவிரியில் தண்ணீர் விடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவுக்கு எதிராகப் பெங்களூர் எரிந்த நாள். தமிழ்நாட்டு நம்பர் லாரி, ஆம்னி பஸ் என்று தேடித் தேடிக் கொளுத்தினார்கள். நம்மவர்கள் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன், அன்றைக்குச் சென்னையில் ஒரு ஓட்டலில் பெட்ரோல் குண்டு வீசியதும் நடந்தது. சாயங்காலம் நாலு மணி. வீட்டு வாசலில் என் பைக், டி.என். 72. ஹவுஸ் ஓனர் கீழே இறங்கி வந்தார். கன்னடக்காரர், ரிட்டயர்டு ஆள். ஒரு வார்த்தை பேசவில்லை. பைக்கைத் தானே தள்ளிக்கொண்டு போய்ப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஷெட்டுக்குள் விட்டு, மேலே தார்ப்பாய் போட்டு, அதன் மேல் பழைய கோணிச் சாக்கைப் போட்டார். "ஏனூ ஆகல்ல, யோச்னே மாடபேடி" என்றார். ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். அவரை நான் குறை சொல்வேனா? அவர் இருந்தவரைக்கும் தீபாவளிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஒரு நம்பர் பிளேட்டை ஒளித்து வைத்துவிட்டுப் படுப்பது என்றால் என்ன என்பது ஒளித்தவனுக்குத்தான் தெரியும். மறு வருஷம் கார் வாங்கி கே.ஏ. 51 கைக்கு வந்தபோது, அப்பாடா, இனிமேல் பயமில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அன்றைக்கே வெட்கமாகவும் இருந்தது. போன ஞாயிறு அந்தப் போட்டோவைப் போட்டதற்குக் காரணம் அதுதான். அதை எழுதாமல் ஒரு வரியோடு விட்டது என் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கமெண்ட் போட்டவனுக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், அவன் கமெண்ட் அப்படியே இருக்கிறது, நான் அழிக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ஊரில் தனியாக இருக்கும் அவன் அப்பாவை, பென்ஷன் நேர்காணலுக்கு என்று போன முறை கருவூலத்துக்குக் கூட்டிப்போனது நான். அதற்கு முந்தின முறையும் நான். சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், என்ன இப்போ? நான் போனது தாக்குப்பிடிக்க முடியாத இதே கே.ஏ. 51 காரில்தான்.

2020 ஜூலையில் என் பெரியம்மா இறந்தபோது எனக்கு இ-பாஸ் வருவதற்குள் இங்கே தகனம் மட்டுமில்லை, சாம்பல் அள்ளும் காடாத்தே முடிந்துவிட்டது. வீடியோ காலில் பார்த்தேன். சிதை எரியும்போது நெட் நின்று நின்று வந்தது. அதை நான் முதலில் சொன்னது இவனிடம்தான். "நமக்கெல்லாம் இதான்ல, ஊரை விட்டு வந்தாச்சுல்லா" என்றான். அன்றைக்குத்தான் நான் முடிவு பண்ணினேன். அவனுக்கு அது தெரியாது.

இன்னொன்று அவனுக்குத் தெரியும். 2016 செப்டம்பர் 12 அன்று விஜயநகரில் இருந்தவன், அங்கே நிலைமை சரியில்லை என்று மத்தியானமே என் வீட்டுக்கு வந்துவிட்டான். சந்து சந்தாகப் புகுந்து, தன் வண்டியிலேயே வந்தான். ஓனர் அந்தத் தார்ப்பாயைப் போட்டபோது அதற்கு அடியில் ரெண்டு பைக் இருந்தன. ரெண்டும் டி.என். 72.

வர்ற தை மாசம் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம், இங்கேதான். பொங்கல் நேரம், டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறதாம். நேற்று அவன் அப்பா போன் பண்ணினார். கன்ஃபர்ம் ஆகிவிட்டால் விடியக்காலை ஜங்ஷனுக்குப் போய் அவனைக் கூட்டிவர ஆள் வேண்டுமாம்.

சரி மாமா என்று சொல்லியிருக்கிறேன். வண்டி நம்பரை அவனுக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், அவனுக்கே தெரியும்.