ஒட்டாத நோய்க்கு ஒதுங்குகிறவர்கள்

மும்பை மாட்டுங்காவில் காய்கறி வாங்கப் போனால்கூட என் சித்தி மகனை நிம்மதியாக நடக்க விடமாட்டார்கள். அவனுக்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ். நரம்புகளில் வளரும் கட்டிகள் முகத்தில் ஒரு பாதியைக் கீழே இழுத்துவிட்டன. மரபணுக் கோளாறு, தொட்டால் ஒட்டாது. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? "கிரகணத்தன்று உன் அம்மா வெளியே வந்தாளா தம்பி?" என்று கோயில் வாசலில் விசாரணை நடத்துகிறார் ஒரு மாமி.

கடைக்காரர் மீதிச் சில்லறையை அவன் கையில் தராமல் தராசுத் தட்டில் வைக்கிறார். அவன் நீட்டிய நோட்டை மட்டும் கூசாமல் வாங்கிக்கொள்கிறார். பணத்தில் ஒட்டாது போலும்! லோக்கல் ரயிலில் மூவர் இருக்கையில் நான்காவதாக இடித்துக்கொண்டு உட்காரும் ஊர் இது. அவன் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வருகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களுக்கு அதில் இடம் உண்டு, நியாயம்தான். நோயால் முகம் மாறியவர்களுக்கென்று தனி வகை இல்லை.

போன வாரம் ஒரு புண்ணியவான் அவன் கையில் பத்து ரூபாயைத் திணித்துவிட்டுப் போனார். பையன் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறான் ஐயா! வருமான வரிக் கணக்கு இருந்தால் கொண்டுவாருங்கள், கட்டணம் சொல்வான்.