நாலு மணிக்காரர்களுக்கு

தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும் என்று ஒரு மேடைப் பேச்சாளர் பேசிய வீடியோவை இதுவரை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாவதாக அனுப்ப நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்பவும்.

அவர் பேசிய மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன். கைதட்டல் வாங்கிய அந்த ஒரு வரிதான். விடிந்த பிறகும் தூங்குகிறவன் வீட்டில் மூதேவி குடியிருப்பாளாம். அரங்கமே சிரிக்கிறது.

உடம்புக்கு வேண்டியது நாலு மணி இல்லை ஐயா, ஒரே மணி. படுப்பதும் எழுவதும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனில் 60,000-க்கும் மேற்பட்டவர்களின் மணிக்கட்டில் ஒரு வாரம் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு 2024-இல் 'ஸ்லீப்' இதழில் வந்தது. தாறுமாறாகத் தூங்கிய கடைசி ஐந்தில் ஒரு பங்கினரை விட மற்றவர்களுக்கு இறப்பு அபாயம் 20 முதல் 48 சதவீதம் வரை குறைவு. எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதை விட, எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதுதான் ஆயுளைக் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது. மூளைக்குள் அரிசி மணி அளவில் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரம் வைத்துக்கொள்கிறது. தினம் ஒரு பக்கம் முள்ளைத் திருப்பினால் அதுவும் என்னதான் செய்யும்?

என் சித்தி பையன் அந்தப் பேச்சாளரின் பரம பக்தன். வாரம் ஐந்து நாள் விடிகாலை நாலு மணிக்கு ஸ்டேட்டஸ். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சித்தி போர்வையை உருவினால்தான் எழுவான். இதற்குப் பெயர் ஒழுக்கமாம்.

"அப்போ சீக்கிரம் எழுவது தப்பா?" என்று வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழுகிறவர் தாராளமாக எழுங்கள். "ஆய்வு தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை" என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். மூதேவிக்கு எந்த ஆய்வு இருக்கிறது?

எங்கள் அப்பா கோயமுத்தூரில் மில் வேலைக்குப் போனவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். முழு நைட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு சைக்கிளை நிறுத்தும்போது நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்போம். ஜன்னலில் கறுப்புப் போர்வை தொங்கும். அந்த வாரம் முழுக்க அம்மா குக்கர் வைக்க மாட்டார். விசில் வந்துவிடும் என்று சோற்றை வடித்துத்தான் எடுப்பார். அப்படியும் அப்பா புரண்டுகொண்டேதான் கிடப்பார். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகும் முன்னே அடுத்த ஷிப்ட் வந்துவிடும். நாற்பத்தாறு வயதில் சர்க்கரை, அப்புறம் பிரஷர். ஷிப்டால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒழுக்கம் இல்லாததால் வந்தது என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க மாட்டேன்.

"அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்களே" என்று ஒருவர் ஏற்கெனவே கமெண்டில் வந்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்துவிட்டது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் எடுக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்ததும் உங்கள் வாசலில் பால் பாக்கெட் கிடக்கிறதே, அதைக் கொண்டுவந்தவர் எப்போது தூங்கினார்? அந்த மேடைக்கு மைக் கட்டியவர்?

விடிந்த பிறகு தூங்கியது எங்கள் வீடு. அதில் மூதேவி யார்? ஊரிலிருந்து வரும் மாமா வாசலிலேயே சத்தமாகக் கேட்பார், "மாப்ள இன்னும் எந்திரிக்கலியா?" அம்மா பதில் சொல்லாமல் காபி போடப் போய்விடுவார்.

இப்போது மில்லும் இல்லை, சங்கும் இல்லை. அப்பா மட்டும் நடுராத்திரி ஒரு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். அந்த வீடியோ அவர் போனுக்கும் வந்திருக்கிறது. முழுசாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேசறாப்ல" என்றார்.