ரென் நகர மண்டபத்தில் ஒரு காலி மாடம்

பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிதான் பிரிட்டனி. அதன் தலைநகர் ரென். அங்கே நகர மண்டபத்தின் முகப்பில், மணிக்கூண்டுக்கு நேர் கீழே ஒரு பெரிய மாடம் இருக்கிறது. கோயில் சுவரில் கோஷ்ட தெய்வத்துக்கு விடுகிற இடம் மாதிரி, ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டியது. நான் போனபோது உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கல்தான். கூட வந்த அலுவலக நண்பர் பிரெத்தோன் குடும்பத்தில், அதாவது பிரிட்டனியின் மண்ணின் மைந்தர் குடும்பத்தில், பிறந்தவர். "இங்கேதான் எங்கள் அன்னா மண்டியிட்டிருந்தாள்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் நேற்று நடந்த அவமானத்தைச் சொல்கிற சூடு இருந்தது.

1911-இல் அங்கே ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனி பிரான்சோடு இணைந்ததைக் கொண்டாடும் சிலை. அதில் பிரான்ஸ் அரசனுக்கு முன்னால் ஒரு பெண் முழங்காலிட்டிருப்பாள். அவள்தான் அன்னா, 15-ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரிட்டனியின் டச்சஸாக, அதாவது ஆட்சித் தலைவியாக, இருந்தவள். இணைப்பின் 400-ஆவது ஆண்டு விழா நாளான 1932 ஆகஸ்ட் 7 அன்று, ஒரு ரகசியக் குழு அதை வெடி வைத்துத் தகர்த்தது. வெடி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தச் சிலை சொன்னது பொய் என்று அன்று மாலையே என் நண்பரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்போது இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.

ஏனென்றால் மண்டியிடுவதா, நிற்பதா என்பதுதான் பிரிட்டனியின் இடைக்கால வரலாற்றில் பாதி.

அப்போது ஒரு டியூக், அதாவது அரசனுக்கு அடுத்த நிலையில் ஒரு பகுதியை ஆளும் பிரபு, பதவி ஏற்றால் மேலே இருக்கிற அரசனிடம் போய், "நான் உங்கள் ஆள்" என்று சொல்ல வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மண்டியிட்டு, எல்லாருக்கும் எதிராக உங்கள் பக்கம் போரிடுவேன் என்று கட்டுப்படுவது. இன்னொன்று, இடுப்பில் வாளோடு நின்றபடியே மரியாதை செலுத்துவது. 15-ஆம் நூற்றாண்டின் பிரிட்டனி டியூக்குகள் நின்றுகொண்டேதான் செய்தார்கள். அரசனின் அதிகாரிகள் "இது முழுக் கட்டுப்பாடு" என்று அறிவிப்பார்கள். டியூக், "என் முன்னோர் எப்படிச் செய்தார்களோ அப்படியே நானும் செய்கிறேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுத்தர்கள் இரண்டு பக்கமும் அவரவர் விருப்பத்துக்கு எழுதிக்கொள்வார்கள். ஒரு முழங்காலை மடக்காமல் இருந்ததில் ஒரு நாட்டின் அந்தஸ்தே தங்கியிருந்தது.

இந்த டியூக்குகளைப் பற்றி வழக்கமாகப் படிக்கிற வரி ஒன்று உண்டு: இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் மாறி மாறிக் கட்சி தாவியவர்கள், சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் வைத்தவர்கள். இரண்டு அரசவைகளும் அவர்களை நம்பகமற்றவர்கள் என்றே எழுதி வைத்தன. எனக்கு இதில்தான் கடும் மறுப்பு. பெரிய ராஜ்யம் ஒப்பந்தத்தை மீறினால் அது ராஜதந்திரம், சின்ன நாடு மீறினால் மட்டும் துரோகமா? பிரிட்டனி இரண்டு பக்கமும் பேசியதால்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேல் யாருக்கும் சொந்தமாகாமல் இருந்தது. இரண்டு பக்கங்களில் ஒன்று இல்லாமல் போன நாளில்தான் அது விழுந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் கொடுத்த பெயர்தான் பிரிட்டனி. அவர்கள் மொழி வேல்ஸ் மொழிக்கு உறவு. 845-இல் நொமினோயே என்ற தலைவர் பிராங்க் அரசன் சார்ல்ஸைப் போரில் தோற்கடித்தார். அடுத்த தலைமுறைகளில் வைக்கிங்குகள் வந்து நாட்டைச் சூறையாட, இங்கிலாந்து அரசவையில் அடைக்கலமாக வளர்ந்த ஆலன் என்ற இளவரசர் திரும்பி வந்து அவர்களைத் துரத்தினார். அந்த முதல் நாளிலிருந்தே இரண்டு கரைகளும் இந்த நாட்டின் கதைக்குள் இருக்கின்றன. பின்னாளில் டியூக்குகளுக்கு இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற பிரபுப் பட்டமும் நிலங்களும் இருந்தன. அங்குள்ள நிலத்துக்கு அந்த அரசனுக்குக் கடன், இங்குள்ள நாட்டுக்கு இந்த அரசனுக்குக் கடன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இவர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

1341 ஏப்ரலில் மூன்றாம் ஜான் வாரிசில்லாமல் இறந்தார். அவருடைய உடன்பிறந்த தம்பியின் மகள் ழான் தெ பாந்தியேவ்ர் ஒரு பக்கம், மாற்றாந்தாய் மகனான தம்பி ஜான் தெ மோன்ஃபோர் இன்னொரு பக்கம். பெண் வழியில் அரசுரிமை கிடையாது என்று சொல்லித்தான் பிலிப் பிரான்சின் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இங்கே பெண்ணின் உரிமையை ஆதரித்தார், காரணம் அந்தப் பெண்ணின் கணவர் சார்ல்ஸ் தெ புளுவா அவருடைய சகோதரி மகன். தாய் வழியில் பிரான்சே எனக்கு என்று போர் தொடுத்த இங்கிலாந்தின் எட்வர்ட், இங்கே பெண்ணுக்கு எதிராக ஆணை ஆதரித்தார். சட்டம், நியாயம் என்று இரண்டு அரசர்களும் பேசியதற்கு இவ்வளவுதான் மதிப்பு. இதைப் பார்த்த பிறகும் டியூக்குகளை மட்டும் சந்தர்ப்பவாதிகள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் போர் 23 ஆண்டு நடந்தது. மோன்ஃபோர் சிறைப்பட்டார். அவர் மனைவி, பிளாண்டர்ஸைச் சேர்ந்த ழான், 1342-இல் என்போன் கோட்டையில் முற்றுகையைத் தாங்கினார். கவசம் அணிந்து குதிரையில் தெருத் தெருவாகப் போனார், பெண்களைக் கற்கள் சுமந்து மதிலுக்கு வரச் சொன்னார், ஒரு சிறு படையோடு வெளியே பாய்ந்து எதிரியின் கூடாரங்களைக் கொளுத்தினார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. கடைசியில் ஜன்னல் வழியே ஆங்கிலக் கப்பல்களின் பாய்கள் தெரிந்தன. அந்தப் பெண்ணின் பிற்பகுதி வாழ்க்கையைப் படித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள். டிக்ஹில் என்ற கோட்டையில் பல பத்தாண்டுகள் காவலில் இருந்தார். மகன் டியூக் ஆனான், அவர் திரும்பவே இல்லை.

1364 செப்டம்பர் 29, ஓரே போர்க்களத்தில் சார்ல்ஸ் தெ புளுவா கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கெராந்த் ஒப்பந்தம் வந்து, மோன்ஃபோரின் மகன் டியூக் நான்காம் ஜான் ஆனார். எட்வர்ட் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர், ஆங்கில ஆயுதத்தால் ஜெயித்தவர். சரி, இனி பிரிட்டனி இங்கிலாந்தின் கைப்பொம்மை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1366-இலேயே அவர் பாரிஸ் போய் பிரான்ஸ் அரசனுக்கு மரியாதை செலுத்தினார். பிறகு மறுபடி ஆங்கிலேயரோடு ரகசியக் கூட்டு. அவருடைய பிரபுக்களே வெறுத்துப்போய் 1373-இல் நாட்டை விட்டு விரட்டினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம். 1378 டிசம்பரில் பிரான்ஸ் அரசன் ஐந்தாம் சார்ல்ஸ், டியூக் துரோகி, ஆகவே பிரிட்டனி இனி என் சொத்து என்று அறிவித்தார். டியூக்கை விரட்டிய அதே பிரபுக்கள் சில மாதங்களில் ஒன்று கூடி, இங்கிலாந்திலிருந்த அவருக்கே ஆள் அனுப்பினார்கள். 1379 ஆகஸ்டில் அவர் சேன்-மாலோ பக்கத்தில் கரை இறங்கினார். ஓரேயில் கணவனை இழந்த ழான் தெ பாந்தியேவ்ர்கூட இந்த விஷயத்தில் அவர் பக்கம் நின்றார். அவர்கள் யாருக்கும் டியூக் மேல் பாசம் வந்துவிடவில்லை. ஆனால் நம் வீட்டுச் சண்டையை நாம் தீர்த்துக்கொள்ளலாம், வீடே போனால் என்ன செய்வது என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

அடுத்த நூறு ஆண்டுதான் பிரிட்டனியின் நல்ல காலம். ஐந்தாம் ஜான் 1399 முதல் 1442 வரை ஆண்டார். அவர் தாயார் இங்கிலாந்து அரசனை மறுமணம் செய்து அங்கே ராணியானார். தம்பி ஆர்தர் பிரான்சின் தலைமைப் படைத்தளபதி. பக்கத்தில் நார்மண்டி எரிந்துகொண்டிருந்தபோது இவர் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டார். உப்பு வாங்க வடகடலிலிருந்து கப்பல்கள் வந்தன, பிரெத்தோன் துணி ஊர் ஊராகப் போனது. சொந்த நாணயம், சொந்த வரி, சொந்தப் பேரவை, 1460-இல் நாந்த் நகரில் ஒரு பல்கலைக்கழகம். அந்தக் கையெழுத்துகள் ஒவ்வொன்றும் எத்தனை கிராமங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதை மொழிப் போராட்டமாக எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. டியூக்குகள் பல தலைமுறையாகப் பிரெஞ்சுதான் பேசினார்கள், கிழக்குப் பகுதி மக்கள் பேசியது லத்தீனிலிருந்து வந்த வேறொரு மொழி. பிரெத்தோன் பேசியதற்காகப் பள்ளிக் குழந்தையின் கழுத்தில் அடையாளப் பொருளைத் தொங்கவிட்ட கொடுமை பல நூற்றாண்டு கழித்து நடந்தது. அதற்கான கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அதைத் தனியாக வைத்துப் பேசலாம்.

1453-இல் ஆங்கிலேயர் கலே தவிர பிரான்சில் எல்லாவற்றையும் இழந்தார்கள். பிறகு தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். தராசின் ஒரு தட்டு காலியானது. தனி நாடாக இருந்த பிரிட்டனியின் கடைசி ஆண் டியூக், அன்னாவின் அப்பா இரண்டாம் பிரான்சுவா, ஹென்றி டியூடர் என்ற அகதியை 13 ஆண்டு வைத்துப் பாதுகாத்தார். ஆனால் 1485-இல் அந்த ஹென்றி பிரான்சின் உதவியோடு இங்கிலாந்தின் அரசனானார். 1488-இல் பிரிட்டனிக்கு ஆபத்து வந்தபோது கை பிசைந்துகொண்டு நின்றார்.

1488 ஜூலை 28, சேந்-ஓபன்-துய்-கொர்மியே. பிரெஞ்சுப் படை எதிரே. அரசனின் தடையை மீறி ஓர் ஆங்கிலப் பிரபு கூட்டி வந்த வில்லாளிகள் சில நூறு பேர் மட்டுமே. அன்று காலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெத்தோன் வீரர்களுக்கு ஆங்கிலேயரின் சிவப்புச் சிலுவை போட்ட மேலங்கியை மாட்டிவிட்டார்கள். ஆங்கிலப் படை பெரிதாக வந்திருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக. வராத நட்பு நாட்டின் உடையைப் போட்டுக்கொண்டு அந்த விவசாயிப் பிள்ளைகள் செத்தார்கள். தோற்ற பிறகு அந்த உடைக்காகவே அவர்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். பிரிட்டனியின் வீழ்ச்சிக்கு இதைவிடத் துல்லியமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் வந்த ஒப்பந்தத்தில் டியூக்கின் மகள்கள் பிரான்ஸ் அரசனின் சம்மதம் இல்லாமல் திருமணம் செய்யக்கூடாது என்று இருந்தது. செப்டம்பரில் அப்பா இறந்தார். மூத்தவள் அன்னாவுக்கு வயது 11. 1490 டிசம்பரில் ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியனைப் பதிலாள் மூலம் மணந்தாள். மாப்பிள்ளை சார்பில் வந்தவர் மணமகளின் கட்டிலில் ஒரு காலை வெறுங்காலாக வைத்தார், அதுதான் சடங்கு. மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய படையும் வரவில்லை. பிரெஞ்சுப் படை ரென் நகரைச் சூழ்ந்தது. 1491 டிசம்பர் 6 அன்று லாஞ்சே கோட்டையில் அவள் பிரான்ஸ் அரசன் எட்டாம் சார்ல்ஸை மணந்தாள். 14 வயது. ஆண் வாரிசு இல்லாமல் சார்ல்ஸ் இறந்தால் அடுத்த அரசனைத்தான் மணக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பெண்ணை வளைத்தால் நாட்டை வளைத்தாயிற்று என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பத்திரம் குறைவு.

இந்த இடத்தில் சிலை சொன்ன கதைப்படி அவள் முழங்காலிட்டிருக்க வேண்டும். உண்மையில் என்ன செய்தாள்? சார்ல்ஸ் உயிரோடு இருக்கும்வரை டச்சஸ் என்ற பட்டத்தைப் பயன்படுத்தவே அவளை விடவில்லை. 1498 ஏப்ரலில் அவர் அம்புவாஸ் கோட்டையில் வாசல் நிலையில் தலை இடித்து இறந்தார். உடனே அவள் பிரிட்டனி நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தாள். அதே ஆண்டு தங்க நாணயம் அச்சடித்தாள். அதில் அவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த அரசன் பன்னிரண்டாம் லூயியை மணக்க வேண்டி வந்தபோது தன் சொந்த ஊரான நாந்தில் வைத்து, தன் நிபந்தனைகளோடு மணந்தாள்: பிரிட்டனி அவளுடைய இரண்டாவது குழந்தைக்குப் போக வேண்டும், பிரான்சின் கிரீடத்தோடு சேரக் கூடாது. அப்போது அவளுக்கு வயது 21.

அந்த ஒப்பந்தத்தை யாரும் மதிக்கவில்லை. 1514 ஜனவரி 9 அன்று அவள் இறந்தாள். எந்தக் கல்யாணம் வேண்டாம் என்று கடைசிவரை எதிர்த்தாளோ, மூத்த மகள் குளோதுக்கும் அடுத்து அரசனாகவிருந்த இன்னொரு பிரான்சுவாவுக்குமான அந்தக் கல்யாணம் நான்கு மாதத்தில் நடந்தது. பிரிட்டனியைப் பெற்றிருக்க வேண்டிய இரண்டாவது மகள் ரெனேயை இத்தாலிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1532 ஆகஸ்டில் வன் நகரில் கூடிய பேரவையையே "எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மனு கொடுக்க வைத்து இணைப்பை முடித்தார்கள். பேரவை சம்மதம் இல்லாமல் வரி இல்லை என்ற உரிமை மட்டும் 1789 வரை ஏட்டில் இருந்தது. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கும்பெனிக் கப்பல்கள் கிளம்பிய லோரியான் துறைமுகம் இந்தப் பிரிட்டனியில்தான் இருக்கிறது. அது உருவான 1666-க்குள் அந்த டியூக் நாடு நினைவாகிவிட்டிருந்தது.

ஒரு பிரான்ஸ் அரசிக்கு உரிய முறைப்படி அன்னாவின் உடலைப் பாரிஸ் அருகே சேன்-தெனியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு சின்னத் தங்கப் பேழையில் வைத்து, அவள் கேட்டபடி, நாந்தில் அவள் பெற்றோருக்காகக் கட்டிய கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். புரட்சிக் காலத்தில் இதயம் போய்விட்டது, பேழை தப்பியது. 2018-இல் அதை அருங்காட்சியகத்திலிருந்து திருடிப் புதைத்து வைத்திருந்தார்கள். சில நாட்களில் கிடைத்துவிட்டது. அதன் விளிம்பில் அவளை "பிரான்சில் இருமுறை அரசி" என்றும், "பிரெத்தோன்களின் டச்சஸ், அரசிக்கு நிகரான இறையாண்மை கொண்டவள்" என்றும் பொறித்திருக்கிறார்கள்.

என் நண்பர் கேட்டார், அந்த மாடத்தில் மறுபடி ஏதாவது வைக்கலாமா என்று. அப்படியே காலியாக இருக்கட்டும் என்றேன். வைத்தே ஆக வேண்டுமென்றால், நாணயத்தில் இருப்பது போல அவளை உட்கார வையுங்கள், இல்லை அவளுடைய முன்னோர் மாதிரி நிற்க வையுங்கள்.