மீன் கடையில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வளர்ப்பு மீன் விற்கும் கடைகளைப் பற்றி நம் ஆட்கள் கோபப்படும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: ஒரு தொட்டியில் எத்தனை மீன்? போனில் படம் எடுத்துப் போட்டு, "பாருங்க, எப்படி அடைச்சு வெச்சிருக்காங்க" என்று எழுதுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மோசமான கடை தப்பித்துவிடும், நல்ல கடை மாட்டிக்கொள்ளும். முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியா என்ற கழிவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, அப்புறம் நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவதை ஓரளவு தாங்கிக்கொள்ளும், தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்த பாக்டீரியா பெருக வாரக்கணக்கில் ஆகும். புதுச் சரக்கு வந்த அன்று தொட்டியில் மீன் இரண்டு மடங்காகிவிடுகிறது, பாக்டீரியா ஆவதில்லை. கடையில் மீன் செத்துப்போவதற்கு இது பெரிய காரணம்.

அமோனியாவுக்கு நிறம் கிடையாது. பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீரில் ஐந்தே தங்கமீன்கள் நீந்தும், அதுவே நஞ்சாக இருக்கலாம். பெரிய, நன்றாகப் பழகிய ஃபில்டர் ஓடும் தொட்டியில் ஐம்பது நியான் டெட்ரா என்ற குட்டி மீன்கள் சில நாள் பத்திரமாக இருக்கலாம். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவில் மீனைத் தாக்கும் பகுதி சுமார் பத்து மடங்காகிறது. சூடு கூடினாலும் அது கூடும். பிரிட்டனின் அலங்கார மீன் வணிகர் சங்கம் தன் கடைகளுக்கு வைத்திருக்கும் அளவுகோலும் இந்த நஞ்சான பகுதியைத்தான் கணக்கில் எடுக்கிறது. நன்னீர்த் தொட்டியில் லிட்டருக்கு நஞ்சான அமோனியா 0.02 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நைட்ரைட் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஆக்சிஜன் 6 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. வியாபாரிகளே தங்களுக்கு வைத்துக்கொண்ட அளவு இது. இங்கே நம் கடைகளும் அன்றன்று சோதித்த அளவை ஒரு தாளில் எழுதித் தொட்டியில் ஒட்டினால் என்ன? நான் கேட்பது அவ்வளவுதான்.

அப்படியானால் கூட்டம் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. கூட்டம் அதிகமானால், ஏதாவது தவறும்போது சமாளிக்க அவகாசமே இருக்காது. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023-ஐ நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போனதும் ஃபில்டர் நிற்கும், ஏர் பம்ப் நிற்கும். மீன் குறைவாக உள்ள தொட்டி சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நெரிசலான தொட்டியில் மீன்கள் சீக்கிரமே மேலே வந்து வாயைப் பிளக்கும். ஜனவரிக் கோடை வெயிலில் இன்னும் மோசம், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைக்காத கடைக்கு மீன் விற்கும் தகுதி இல்லை என்று நான் நினைக்கிறேன்.

நோயும் அப்படித்தான். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி நெரிசலில் வேகமாகப் பரவும். பல கடைகளில் எல்லாத் தொட்டியின் தண்ணீரும் ஒரே ஃபில்டருக்குப் போய்த் திரும்புகிறது. ஒரு தொட்டியில் வந்தால் வரிசை முழுவதுக்கும் வந்த மாதிரி. வலையும் ஒன்றுதான், எல்லாத் தொட்டிக்கும்.

ஃபைட்டர் மீனைச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடுக்கி வைப்பதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை. "அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். சுவாசிப்பது உண்மை. அதனால்தான் சாகாமல் கிடக்கிறது. ஃபில்டர் இல்லாமல், ஹீட்டர் இல்லாமல், தன் கழிவிலேயே, ஜூலை மாதக் குளிரில்.

"மீனுக்கு என்ன வலி தெரியும்" என்பவர்களுக்கு: வலியூட்டும் தூண்டலை உணரும் நரம்புகள் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் இருப்பதை லின் ஸ்னெட்டனும் உடன் ஆய்ந்தவர்களும் 2003-இலேயே வெளியிட்டார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் தீனியை விட்டன, தொட்டியின் கற்களில் உதட்டைத் தேய்த்தன. நம் நாட்டின் 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையோ குதிரை, மாடு, ஆடு, பன்றி, கோழி, தீக்கோழி, நாய், பூனை என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. அடைபட்ட காட்டு விலங்கையும் ஊர்வனவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. மீனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும், நிச்சயமாக. அதுவரை வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விதான் கடைக்காரரை அசைக்கும்.

கடைக்காரர்கள் எல்லாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தண்ணீர், மின்சாரம், வாடகை எல்லாம் ஏறிக்கிடக்கிறது, நாமோ மலிவான மீன்தான் கேட்கிறோம். "உங்க தொட்டி எத்தனை லிட்டர்?" என்று கேட்டு, சின்னதென்றால் விற்க மறுக்கும் அங்கிள்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதலாகப் பத்து ரேண்ட் கொடுக்க நமக்கு மனம் வர வேண்டும். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன், நாற்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. அதைச் சொல்லாமல் விற்பார்கள், தொட்டி போதாமல் போனதும் வாங்கியவர் ஆற்றில் விடுவார். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த இனம் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ந்செலேனி ஆற்றில் இப்போது பெருகிக் கிடக்கிறது.

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு மீன் வாங்க நினைப்பவர்கள் நவம்பர் தொடக்கத்திலேயே தொட்டியையும் ஃபில்டரையும் மட்டும் வாங்குங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றி, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஓட விடுங்கள்; அது அழுகி வரும் அமோனியாவில்தான் பாக்டீரியா பெருகும். தண்ணீரைச் சோதித்துக்கொண்டே வாருங்கள்; அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பின் மீன் வாங்கப் போங்கள். தொட்டியும் மீனும் இன்றைக்கே சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் அடுத்த கடையைப் பாருங்கள்.